வயிற்றில் பொறித்த ஆண்டும் மேலே பூசிய வண்ணமும்: பழைய டைனோசர் பொம்மைகளை மதிப்பிட்ட அனுபவங்கள்

லெஸ்டர்வாசி:
இன்விக்டா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மெகலோசாரஸ் டைனோசர் பொம்மைக்கு இங்கே அறிமுகம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான்களை விற்கும் இங்கிலாந்துச் சந்தை ஒன்றில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, வண்ணம் தீட்டிய மெகலோசாரஸ் ஒன்றை ஒரு மூதாட்டி வைத்திருந்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1974 முதல் இன்விக்டா வெளியிட்ட இந்த வரிசை முதலில் ஒற்றை நிறத்தில்தான் வந்தது. வண்ணப் பதிப்புகள் பின்னால் வந்தவை. ஆகவே, கையிலிருப்பது ஆலை தீட்டியதா, வீட்டுப் பையன் எவனோ தீட்டியதா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, கண்ணுக்குக் கீழே தூரிகையின் மயிரிழை ஒன்று வண்ணத்துக்குள்ளேயே பதிந்து உலர்ந்திருப்பது தெரிந்தது. “என் மகன் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது” என்றார் மூதாட்டி. நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தேன். அந்த மயிரிழை எங்கே விழுந்தது என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

பிட்ஸ்பர்க் தமிழன்:
மயிரிழையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, நண்பரே. ஆலைகளிலும் கண், நகம், நாக்கு போன்ற நுண்ணிய இடங்களைத் தொழிலாளர்கள் கையால் தீட்டுவது வழக்கம். அங்கேயும் தூரிகை மயிர் உதிரும். தாங்கள் பார்த்திருக்க வேண்டியது கீறல்களைத்தான். கீறலுக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், கீறல் முதலில் விழுந்தது, வண்ணம் பிறகு வந்தது என்று பொருள். கீறல் வண்ணத்தை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள பிளாஸ்டிக்கைக் காட்டினால் கதை நேர்மாறானது.

என் அனுபவம் கார்னகி வரிசை பற்றியது. கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒப்புதலுடன் சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை வெளியிட்ட பொம்மைகள் அவை. பழம்பொருள் சந்தையில் ஒருவர் டைரனோசாரஸின் வயிற்றிலிருந்த ஆண்டின் மீது விரலை ஊன்றி, “இது முதல் வெளியீடு” என்று அடித்துப் பேசினார். அந்த எண் சிற்ப வடிவத்தின் பதிப்புரிமை ஆண்டு. அச்சு மாறாத வரையில் அதுவும் மாறாது. ஒரே அச்சிலிருந்து வெவ்வேறு வண்ணங்களில் பின்னாளிலும் பொம்மைகள் வந்திருக்கின்றன என்று விளக்கினேன். அவர் விரலை எடுக்கவே இல்லை. “அருங்காட்சியகத்தின் பெயரே இருக்கிறது, அருங்காட்சியகம் பொய் சொல்லுமா?” என்று கேட்டார். பெயர் வடிவத்துக்குச் சான்றே தவிர, விற்பவருக்குச் சான்று அன்று.

நகானோ பக்கத்தார்:
நீங்கள் இருவரும் உள்ளங்கையை நிறைக்கும் பொம்மைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஜப்பானில் 2001இல் சாக்லேட்டோடு வந்த, கையோடோ நிறுவனத்தின் டைனோடேல்ஸ் வரிசைப் பொம்மைகள் விரல் நீளமே இருக்கும். உறுப்புகளை நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். டோக்கியோவின் நகானோ பிராட்வே கட்டடத்தில் ஒரு கடைக்காரர், நான் விற்கக் கொண்டுபோனதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, வாலைக் கழற்றி, பொருத்தும் முளையை விளக்கொளியில் காட்டினார். முளையின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம். வளைந்து முறிய இருந்த பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும் என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் விலையைப் பாதியாக எழுதினார். மேலே ஒரு பொட்டு வண்ணம்கூடக் குறையாத பொம்மை அது! அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் முளையைத்தான் முதலில் தேடுகிறேன்.

பரண்காரர்:
எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உறவினர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த ட்ரைசெராடாப்ஸ் கையில் ஒட்டியது, அவ்வளவுதான். ஆனால் மதிப்பிடுபவர்கள் அனைவரும் பராமரிப்பை மறந்துவிடுவதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிவிசி பொம்மையின் பிசுபிசுப்பு அழுக்கு மட்டுமே அன்று. அதை வளையவைப்பதற்காகச் சேர்க்கும் மென்மையாக்கி காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிகிறது. வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும். தின்னரையோ அசிட்டோனையோ தொடாதீர்கள், வண்ணம் கரைந்துவிடும். அத்தகைய பொம்மையைத் தெர்மோகோல் மீது வைத்தால் கசியும் மென்மையாக்கி தெர்மோகோலையே இளக்கி, இரண்டையும் ஒட்டவைத்துவிடும். கால் வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த பொம்மையைச் சுடுநீரில் சற்று வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் நின்றுவிடும். கொதிக்கும் நீர் கூடாது. வெயில் படும் சன்னலோரம் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: வாலைத் தரையில் இழுத்தபடி நிமிர்ந்து நிற்கும் டைரனோசாரஸை “அறிவியலுக்கு ஒவ்வாதது” என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். 1969இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ் என்ற சுறுசுறுப்பான டைனோசரை விவரித்த பிறகுதான் அந்தப் பழைய தோற்றம் மெல்ல மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய பொம்மை அப்படி நிற்பதுதான் முறை. அதைக் குறையாகக் கணக்கிடுவது எனக்கு உடன்பாடில்லை.

லெஸ்டர்வாசி:
பராமரிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை, ஐயா, இருந்தாலும் நன்றி. பிட்ஸ்பர்க் நண்பருக்கு: முதுகில் கீறல்கள் இருந்தன. ஆனால் அவை வண்ணத்தை அறுத்தனவா என்பதை அந்த வெயிலில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிட்ஸ்பர்க் தமிழன்:
அப்படியானால் வயிற்றெழுத்துகளையாவது நினைவுபடுத்திப் பாருங்கள். எழுத்துகளின் குழியில் வண்ணம் தடித்துத் தேங்கியிருந்ததா, அல்லது வயிறு தீட்டப்படாமல் விடப்பட்டிருந்ததா?

லெஸ்டர்வாசி:
எழுத்துகள் தெளிவாகப் படிக்கும்படி இருந்தன. “யு” என்ற எழுத்தின் குழியில் மட்டும் ஒரு சொட்டு நின்றிருந்தது.



பிட்ஸ்பர்க் தமிழன்:
அந்த ஒரு சொட்டு எனக்குச் சந்தேகமாகவே படுகிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.