வீல்சேரோடு ஏறும் டாக்சி கோவையில் கிடைக்குமா?

நண்பர்களுக்கு வணக்கமுங்க. எங்கள் அம்முச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாரா வாரம் சிங்காநல்லூரிலிருந்து பீளமேட்டுக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஆப்பில் புக் செய்தால் பெரும்பாலும் சின்னக் கார்தான் வருகிறது. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் மடக்கிய வீல்சேர்கூட உள்ளே போகாது. போனில் முன்கூட்டியே சொன்னாலோ, டிரிப்பையே கேன்சல் செய்துவிடுகிறார்கள். ஓட்டுநர்களை முழுக்கக் குறை சொல்லவும் மனமில்லை. ஏற்றி இறக்கும் நேரத்துக்கு அவர்களுக்கு யார் காசு தருகிறார்கள்? ஆட்டோவில் குனிந்து ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 108 அவசரத்துக்கு மட்டும்தான்.

தெரிந்தவர் ஒருவர் தன் வேனில் வாடகைக்கு வருவதாகச் சொன்னார். வெள்ளை போர்டு. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது தப்பு, விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அதனால் வேண்டாம் என்று விட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-வது பிரிவு போக்குவரத்து வசதியைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் சட்டத்தில் ஏறி பீளமேடு போக முடியாதே!

சாய்வுப் பலகை வைத்த மஞ்சள் போர்டு வண்டி யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால், மேலே கேரியர் உள்ள பெரிய காரும் பொறுமையான ஓட்டுநரும் போதும். திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்து வண்டியானாலும் பரவாயில்லை. வாடகை எவ்வளவு, வெயிட்டிங் சார்ஜ் தனியா என்பதையும் சொல்லுங்க. போன் நம்பரை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்க.