கருந்தரையுள்ள கிராஃப்ட்ஸ்மேன் வரவேற்பறை பகலிலும் இருட்டு: ஆலோசனை தேவை

கலிபோர்னியாவின் பாசடீனாவில் 1914-இல் கட்டப்பட்ட எங்கள் கிராஃப்ட்ஸ்மேன் பாணி (மரவேலைப்பாட்டை வெளிப்படையாகக் காட்டும் அமெரிக்கக் கட்டடப் பாணி) பங்களாவின் வரவேற்பறையில், நண்பகலிலும் விளக்கில்லாமல் நாளிதழ் படிக்க முடிவதில்லை. அறை 14-க்கு 18 அடி. ஓக் மரத்தரைக்கு முந்தைய உரிமையாளர் ஏறக்குறையக் கறுப்பாகவே சாயம் ஏற்றியிருக்கிறார். சுவரின் பாதி உயரத்துக்கு மரப்பலகை, மேலே உத்தரங்கள், கணப்படுப்பின் இருபுறமும் சுவரோடு இணைந்த புத்தக அலமாரிகள் என மற்றவையும் அடர்பழுப்பு. ஜன்னல்கள் மேற்கு நோக்கியவை என்றாலும், முன்திண்ணையின் அகன்ற கூரை வெயிலை மறித்துவிடுகிறது.

பலகைக்கு மேலுள்ள சுவருக்கு வெள்ளை அடித்துப் பார்த்தோம். மரத்தின் அருகே அது சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. இளமஞ்சள் சற்றுப் பரவாயில்லை. மஞ்சள் சாயலுள்ள ஒளி தரும் 2700 கெல்வின் எல்இடி விளக்குகளும் வெளிர்நிறக் கம்பளமும் இரவில் அழகுதான், பகலில் பயனில்லை. தரைப்பலகையோ 5/16 அங்குலத் தடிமன், மேலிருந்தே ஆணி அடித்தது. இழைத்தால் ஆணித்தலைகள் வெளிப்படும் என்கிறார் தச்சர். மரவேலைகளுக்கு வெள்ளை பூசும் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை, ஏனெனில் மரத்தை மறைத்தபின் இந்தப் பாணியில் மிஞ்சுவது அதிகமில்லை.

தரையை இழைக்காமலும் மரத்துக்கு வண்ணம் பூசாமலும் இவ்வறையில் பகல் வெளிச்சத்தைக் கூட்ட, இத்தகைய பழைய வீட்டில் செய்து பார்த்தவர்கள் எந்த வழியைப் பரிந்துரைப்பீர்கள்?