பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்யும் மகனுக்குச் சுலபமான சமையல் சொல்லுங்களேன்

வணக்கம் அக்கா, தங்கச்சிகளே. என் மகன் 2 வருஷ ஊழியத்துக்காக பிலிப்பைன்ஸ் போயிருக்கான். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எங்களோடது, மார்மன் சபைன்னா நிறைய பேருக்குத் தெரியும். 19 வயசு. வீட்டுல வெந்நீர்கூட வெச்சதில்ல.

காலைல 6.30க்கு எழுந்திருக்கணும். ஜெபம், வேதப் படிப்பு, அந்த ஊர் பாஷைப் படிப்பு. அப்புறம் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப் பட்டையோட ராத்திரி வரைக்கும் வீடு வீடா நடை. கூடவே எப்பவும் ஒரு துணை ஊழியர். துவைக்க, காய் வாங்க, எங்களோட பேச வாரத்துல திங்கள் ஒரு நாள்தான். போன திங்கள் வீடியோவுல பாத்திரத்தைக் காட்டினான். அடியில சோறு கருகி ஒட்டியிருந்துச்சு. "பரவால்லம்மா, மேலாப்புல சாப்பிட்டுட்டோம்"னான். எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அங்க முருங்கைக்கீரை, புளி, தேங்காய், பாசிப்பயறு எல்லாம் கிடைக்குது. துவரம்பருப்புதான் இல்ல. ஒரே அடுப்பு, மிக்ஸி இல்ல, குக்கர் இல்ல. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான்.

பாசிப்பயறுல சாம்பார் மாதிரி குழம்பு வைக்க முடியுமா? எவ்வளவு நேரம் ஊறணும்? இங்கிருந்து என்ன பொடி அனுப்பினா அந்த ஈரக்காத்துல கெடாம இருக்கும்? வெளிநாட்டுல தனியா சமைச்ச பிள்ளைங்களோட அம்மாக்கள் கொஞ்சம் விவரமா சொல்லுங்க. வர்ற திங்கள் அவன் கூப்பிடுறப்ப படிச்சுக் காட்டணும்.