நோன்பும் பாவ அறிக்கையும் முடிந்த பின்னும் தீர்ப்பு எஞ்சியிருக்குமா?

கேள்வி:
சில ஆண்டுகளுக்கு முன், பணியிடத்தில் என் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்கு உடன் பணியாற்றிய ஒருவர் மீது பழி விழுந்தபோது, உண்மை தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அவர் வேலையை இழந்தார். பின்னர் அதைப் பாவமென்று உணர்ந்து குருவானவரிடம் அறிக்கையிட்டேன், பாவமன்னிப்பும் பெற்றேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாளும் நோன்பிருக்கிறேன். ஆயினும் இறுதித் தீர்ப்பைப் பற்றிய மத்தேயு 25ஆம் அதிகாரம் ஆலயத்தில் வாசிக்கப்படும்போதெல்லாம் தலையை நிமிர்த்த முடிவதில்லை. இது என் விசுவாசக் குறைவா, அல்லது நான் செய்யவேண்டியது ஏதேனும் மீதமிருக்கிறதா?

பதில் 1:
சகோதரரே, எபிரெயர் 10ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிறிஸ்துவின் பலி ஒரே தரம் செலுத்தப்பட்டது. ஆண்டுதோறும் நீங்கள் இருக்கும் நோன்பு அதனோடு எதையும் கூட்டப்போவதில்லை. மன்னிக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் கிளறுவது தேவனுடைய வாக்கை நம்பாததற்குச் சமம்.

பதில் 2:
முதலாமவர் பலியைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் கலக்கத்தை அவிசுவாசம் என்று அவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். இஸ்ரவேலின் ஆகாப் அரசனின் கதையை எண்ணிப் பாருங்கள். நாபோத் என்பவன் மீது ஆகாபின் மனைவி யேசபேல் பொய்ச்சாட்சி சொல்லவைத்து, அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள்; அவனுடைய திராட்சத்தோட்டத்தை ஆகாப் சொந்தமாக்கிக்கொண்டான். எலியா தீர்க்கதரிசி தீர்ப்பை அறிவித்ததும் ஆகாப் உடையைக் கிழித்து, துக்கத்தின் அடையாளமான இரட்டு உடுத்தி, உபவாசம் பண்ணினான். 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம் அந்தத் தாழ்மையைப் பொய்யென்று சொல்லவில்லை. கடவுளே அதைக் கவனித்து, தண்டனையை அவன் மகனுடைய நாட்களுக்குத் தள்ளிவைக்கிறார். ஆனால் தோட்டம் திருப்பிக் கொடுக்கப்பட்டதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. அவன் மகன் யோராம் கொல்லப்பட்டபோது, அவனுடைய உடல் அதே நாபோத்தின் நிலத்தில் எறியப்பட்டதை 2 இராஜாக்கள் 9 சொல்கிறது. (தந்தை செய்ததற்கு மகன் விலை கொடுப்பது நியாயமா என்பது தனிக் கேள்வி, அதை எசேக்கியேல் 18 நேரடியாகவே எதிர்கொள்கிறது.) ஆகாபின் இரட்டு உண்மையானதாகவே இருந்திருக்கலாம், அப்படியிருந்தும், வஞ்சிக்கப்பட்டவனின் நிலம் வஞ்சித்தவனின் கையிலேயே இருந்தவரை அந்தத் துக்கத்தால் தீர்ப்பைத் தள்ளிவைக்க முடிந்ததே தவிர நீக்க முடியவில்லை. யோனாவின் எச்சரிப்பைக் கேட்டு மனந்திரும்பிய நினிவே நகரைப் பற்றிய பகுதியிலும், அங்கே மிருகங்கள்கூட இரட்டால் மூடப்பட்டிருந்தபோதிலும், கடவுள் பார்த்ததாக யோனா 3:10 குறிப்பிடுவது அவர்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பிய செயலைத்தான்.

பதில் 3:
கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இதே திசையில்தான் இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கில், மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் வேண்டுமென்று 1551ஆம் ஆண்டில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் வரையறுத்தது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும், பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேட்டையும் அது சரிசெய்துவிடாது என்பதால், திருடியதைத் திருப்பித் தருவதும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதும் நீதியின் கடமையென்று 1992இல் வெளிவந்த, திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு கூறுகிறது. ஆகவே குருவின் மன்னிப்பு வாக்கை நீங்கள் ஐயுறத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். அறிக்கையிட்டபோது ஒரு மனிதரின் பிழைப்பு போனதையும் சொன்னீர்களா, அல்லது பொய் என்ற அளவில் நிறுத்திக்கொண்டீர்களா?

கேட்டவர்:
“உண்மையை மறைத்தேன்” என்று மட்டுமே சொன்னேன். குருவானவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்னொரு ஐயம்: பாதிக்கப்பட்டவரைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலையில் என்ன செய்வது?

பதில் 2:
எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. தீங்கு செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, இழப்பின் முதல்தொகையை முழுவதுமாகவும் அதனுடன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் பாதிக்கப்பட்டவனுக்கே கொடுக்கவேண்டும். வாங்கிக்கொள்ள உறவினன்கூட இல்லாதபோதுதான் அது ஆசாரியனைச் சேரும். பாவநிவிர்த்திக்கான ஆட்டுக்கடா இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் செலுத்தவேண்டியது. கொடுக்கவேண்டியதற்கு ஈடாக அல்ல. வழிபாட்டுச் சட்டங்கள் நிறைந்த அதே நூல்தான் இப்படிப் பிரித்துவைக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. உங்கள் காரியத்தில் கொடுக்கவேண்டியது பணம் மட்டுமல்ல, அவருடைய பெயரும்கூட. ஆகவே உண்மையை அவரிடம் சொல்வதோடு, பழியை நம்பியவர்களிடமும் எழுத்தில் சொல்லவேண்டியிருக்கும். அதனால் உங்களுக்கு இழப்பு நேரலாம்.

கேட்டவர்:
நான் கேள்வியை நேர்மையாகக் கேட்கவில்லை. அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எப்போதும் தெரிந்தேதான் இருந்தது. கடிதத்தை இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன்.