பெல்ட் மாட்டிய பிறகும் பீப் சத்தம் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

ஆனந்தி, செம்பூர்
வணக்கம். எங்களுடையது 2021 மாடல் ஹேட்ச்பேக். முன்பக்க இடது சீட்டில் அம்மா பெல்ட் மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். ஆனாலும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைவதில்லை. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிடுகிறது. சில நேரம் தானாக நின்று, அடுத்த பள்ளத்தில் மறுபடி தொடங்கும். சீட் காலியாக இருந்தால் சத்தமே இல்லை. டிரைவர் பக்கமும் சரியாக இருக்கிறது.

பக்கத்து உதிரிபாகக் கடையில் கேட்டேன். பக்கிளில் செருகும் சின்ன கிளிப் ஒன்றை எடுத்துக் காட்டி, "இதை மாட்டிவிடுங்க, சத்தம் வராது" என்றார். வாங்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் அப்பா, அம்மாவோடு புனே போக வேண்டும். யாராவது வழி சொல்லுங்களேன்.

சுதாகர், டோம்பிவிலி
பயணம் முடியும்வரை அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிடுங்கள். அங்கே பெல்ட் தொல்லை கிடையாது. வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கணேசன், தாராவி (கார் எலக்ட்ரீஷியன்)
ஆனந்தி, அந்தக் கிளிப்பை வாங்காமல் விட்டது நல்லது. நிஜப் பெல்ட்டின் நாக்கு உள்ளே போயும் சத்தம் நிற்கவில்லை என்றால், கிளிப் போட்டாலும் நிற்காது. அதுவும் அதே இடத்தில்தானே போய் உட்காரப் போகிறது? பக்கிளைக் கிளிப் அடைத்துக்கொண்டால் அம்மா பெல்ட்டை எங்கே மாட்டுவார்?

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பழுதைப் பிடிப்பது சுலபம். சீட் மெத்தைக்குள் எடையை உணரும் ஒரு தகடு இருக்கும். ஆள் உட்கார்ந்திருப்பதை அது சொல்லும். பெல்ட் மாட்டியாயிற்று என்று சொல்வது பக்கிளுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச். சீட் காலியாக இருந்தால் சத்தம் இல்லை என்கிறீர்கள், அப்படியானால் தகடு நன்றாக இருக்கிறது. சந்தேகம் சுவிட்சின் மேல், இல்லாவிட்டால் அதிலிருந்து சீட்டுக்கு அடியில் போகும் வயரின் மேல்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். அம்மா சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றட்டும். நீங்கள் டேஷ்போர்டு விளக்கையே பாருங்கள். அப்புறம் பெல்ட்டை மாட்டியபடியே சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மாட்டிக் கழற்றும்போது விளக்கு துளியும் மாறவில்லை என்றால் பக்கிளுக்குள் குப்பை, சில்லறைக் காசு, வேர்க்கடலைத் தோல் ஏதாவது இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டை நகர்த்தும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பழுது வயரில், அல்லது கனெக்டரில்.

ஒன்றே ஒன்று: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் வயரோ கனெக்டரோ தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது ஏர்பேக் வயரிங். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மீனா, முலுண்ட்
சுதாகர் சார், பின்சீட்டில் பெல்ட் வேண்டாம் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். விபத்தில் அடிபட்டு எங்களிடம் வருகிறவர்களில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களும் நிறையப் பேர். முன்சீட்டின் முதுகில் போய் இடித்து இடுப்பும் தொடையும் முறிந்து, கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கையை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர், முன்னால் பெல்ட் போட்டிருப்பவர் மேலேயே வந்து விழுவார்.

2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த கார் விபத்தை நம் ஊரில் யார் மறந்திருப்பார்கள்? முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரியும் அவருடன் இருந்தவரும் இறந்துபோனார்கள். அவர்கள் இருவரும் பெல்ட் அணியவில்லை என்று போலீஸ் சொன்னது. நல்ல விலை உயர்ந்த கார்தான் அது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் மும்பையில் காரில் இருக்கும் எல்லோருக்கும் பெல்ட் கட்டாயம் என்று போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி அபராதம் 1,000 ரூபாய்.

சுதாகர், டோம்பிவிலி
சரிங்க, பின்சீட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏர்பேக் இருக்கும்போது முன்சீட்டில் கொஞ்ச தூரத்துக்குப் பெல்ட் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

கணேசன், தாராவி
ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணைதான், மாற்று இல்லை. மோதும்போது பெல்ட் ஆளை இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பை கண் இமைப்பதற்குள் விரிகிறது. பெல்ட் இல்லாதவர் அதற்குள் முன்னால் வந்துவிடுவார். விரிந்துகொண்டிருக்கும் பை முகத்திலும் நெஞ்சிலும் அறையும். சில கார்களில் ஏர்பேக்கை எப்போது விரிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதற்கே பக்கிள் சுவிட்ச் சொல்லும் தகவல் தேவை. கிளிப்பைப் போட்டு அதை ஏமாற்றினால் கணக்கே தப்பாகிவிடும். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து இந்தக் கிளிப்புகளை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அப்படியும் தெருக்கடையில் இன்னும் விற்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் முன்சீட் இரண்டுக்கும் இந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம் என்று அரசு கொண்டுவந்ததே, நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆனந்தி, செம்பூர்
கணேசன் அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மாட்டிக் கழற்றும்போது ஒரு சமயம் விளக்கு அணைகிறது, ஒரு சமயம் இல்லை. சீட்டை முன்னால் தள்ளினால் சத்தம் நின்றுவிடுகிறது, பின்னால் இழுத்தால் திரும்ப வருகிறது. ஏர்பேக் விளக்கு எரியவில்லை. கால்மிதியைத் தூக்கினால் கார்ப்பெட் ஈரமாக இருக்கிறது, ஒரு மாதிரி வாடை. சமீபத்திய மழையில் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீரில்தான் வண்டி ஊர்ந்து வந்தது.

கணேசன், தாராவி
பிடித்துவிட்டீர்கள். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். ஏர்பேக் வயரும் அதே இடத்தில் ஓடுவதால் வீட்டில் பிரிக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் விட்டு, ஸ்கேனரும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சுவரை காயவைக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் காய்ந்தால் போதாது, ஈரம் திரும்ப ஏறிவிடும்.

ஆனந்தி, செம்பூர்
வண்டி வந்துவிட்டது. கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்ததைக் காட்டினார்கள். அதை மாற்றிவிட்டார்கள், ஸ்கேனரிலும் வேறு கோளாறு இல்லை. இப்போது பெல்ட் மாட்டிய உடனே விளக்கு அணைகிறது. அம்மா கொஞ்சம் குள்ளம், பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று கைக்கு அடியில் விட்டுக்கொள்கிறார். அது சரியா?

மீனா, முலுண்ட்
சரியில்லை ஆனந்தி. மோதினால் முழு இழுப்பும் விலா எலும்பில் விழும். கதவுத் தூணில் பெல்ட் தொங்கும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அழுத்திக்கொண்டு கீழே இறக்கினால் பெல்ட்டும் இறங்கும். சீட்டை உயர்த்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். மேல் பட்டை தோள்பட்டைக்கு நடுவே போக வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். அப்பா பின்சீட்டில் வருகிறார் என்றால், சீட் கவருக்கு அடியில் பக்கிள் புதைந்து கிடக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே பார்த்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆனந்தி, செம்பூர்
பொத்தான் இருக்கிறது, இறக்கிவிட்டேன். கழுத்தில் உரசவில்லை என்கிறார் அம்மா. பின்சீட்டில் இரண்டு பக்கிளும் கவருக்கு அடியில்தான் இருந்தன, எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.