பம்ப் ஸ்டவ்வின் அடி வால்வு

அடித்த காற்று நிற்காது. பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பும். பம்ப் கம்பியை உருவினால் மண்ணெண்ணெய் சொட்டும். பித்தளை ஸ்டவ்வில் இப்படி இருந்தால் பலரும் முதலில் மாற்றுவது லெதர் வாஷரைத்தான். ஆனால் வாஷரின் வேலை காற்றை உள்ளே தள்ளுவதோடு சரி. போன காற்றைத் திரும்ப விடாமல் பிடிப்பது பம்ப் குழாயின் அடியில் திருகியிருக்கும் சின்ன வால்வு. ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் மிளகு அளவுக்கு ஒரு கார்க் அல்லது ரப்பர், அவ்வளவுதான் உள்ளே. அந்த ரப்பர் காய்ந்து கல்லானால் தொட்டியின் அழுத்தம் மண்ணெண்ணெயைப் பம்ப் வழியாக வெளியே தள்ளும், அதுவும் எரியும் பர்னருக்குப் பக்கத்திலேயே. ஆகவே இதை அலட்சியமாக விடவே கூடாது.

என்னிடம் வந்தது கால்களைக் கழற்றித் தகர டப்பாவில் அடுக்கிவிடக்கூடிய பிரைமஸ் ஸ்டவ். 1892-இல் ஸ்வீடனில் பிறந்த வகை. நார்வேக்காரர் அமுண்ட்சென் தென்துருவம் போனபோது கூட இருந்ததும் பிரைமஸ்தான். நம் வீடுகளில் கேஸ் வரும்வரை புஸ்ஸென்று எரிந்த ஸ்டவ்வும் இதே குடும்பம். கொடைக்கானல் பக்கம் கூடாரம் போடும்போது இதில் காபி போட வேண்டும் என்பது என் ஆசை.

வால்வு அசையவே இல்லை. அது குழாயின் ஆழத்தில் இருப்பதால் சாதாரண ஸ்பேனர் எட்டாது. அதன் தலையில் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்குச் சரியாகப் பொருந்தும் காடி வெட்டிய நீளமான டி-சாவி ஒன்றை லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். காடி கொஞ்சம் தளர்ந்தாலும் பித்தளைத் தலை மழுங்கிவிடும், அப்புறம் பிடிமானமே இருக்காது. அதனால் இதில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தொட்டியை முழுக்கக் காலி செய்து கழுவிக் காயவைத்தபின், குழாய்க்குள் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் வைத்தேன். மறுநாள் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றி, ஆற விட்டு, மறுபடியும் ஊற்றி, சூட்டோடு சாவியைப் போட்டேன். நெருப்பு காட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பழைய தொட்டிகளில் ஈயப்பற்று வைத்த இணைப்புகள் உண்டு. சுமார் 183 டிகிரி செல்சியஸிலேயே பற்று இளக ஆரம்பிக்கும். மண்ணெண்ணெய் ஆவி மிச்சமிருந்தால் இன்னும் ஆபத்து. சாவியை ஒரேயடியாக முறுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தபோது 'டக்'கென்று விட்டது. அந்தச் சத்தம் தந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

உள்ளே கார்க் பொடியாகியிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிப் போடலாம் என்று தோன்றும், ஆனால் அது மண்ணெண்ணெயில் உப்பிவிடும். நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பர்தான் தாங்கும். வால்வுக்கு அடியில் இருந்த ஈய வாஷரையும் புதிதாகப் போட்டேன். ஒருமுறை நசுங்கிய ஈயம் மறுபடி சரியாக அடைக்காது.

சோதிப்பது சுலபம். மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு முன், காற்று மட்டும் அடித்து, பம்ப் கம்பியை உருவிவிட்டுக் குழாய்க்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வராவிட்டால் வால்வு பிடிக்கிறது. எனக்கு ஒரு குமிழிகூட வரவில்லை.

லெதர் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். மலைக்குளிரில் அது உறைந்து வாஷர் விறைத்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய் தடவுங்கள்.