ஆர் நிரல்மொழி: ரகம், வருடம் ரெண்டையும் பிரித்து பாக்ஸ்பிளாட் (எடைகளின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் படம்) வரமாட்டேங்குது

கேட்டவர் (காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி):
எங்கள் மாந்தோப்பில் பெங்களூரா, செந்தூரா, நீலம் என மூன்று ரகம். 2022 முதல் 2024 வரை காய் பறிக்கும்போது சிலதை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து நோட்டில் குறித்தேன். எக்ஸெல்லில் ரகம், வருடம், எடை என்று மூன்று பத்தி. ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட்2-வில் எக்ஸுக்கு ரகம், ஒய்க்கு எடை, ஃபில்லுக்கு (பெட்டியின் நிறத்துக்கு) வருடம் கொடுத்தேன். ரகத்துக்கு மூன்று பெட்டி வரும் என்று பார்த்தால், நிறமே இல்லாமல் ஒற்றைப் பெட்டி. ஃபில்லை விட்டுவிட்டதாக ஒரு எச்சரிக்கை வேறு. எங்கே தப்பு?

பதில் 1:
எச்சரிக்கையைக் கடைசிவரை படிச்சீங்களா தம்பி? எண்ணை ஃபேக்டராக (குழுப் பெயராக) மாற்ற மறந்தாயா என்று அதுவே கேட்டிருக்கும். 2022, 2023 எல்லாம் ஆருக்கு வெறும் எண்தான், நடுவில் 2022.5 கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளும், குழுவாகப் பிரிக்காது. ஃபில் = ஃபேக்டர்(வருடம்) என்று எழுதுங்க, போதும். கூழ் ஃபேக்டரிக்குக் காய் அனுப்புற ஊர்க்காரர் ஃபேக்டரை மறக்கலாமா!

கேட்டவர்:
வந்துடுச்சுங்க அண்ணா. ஆனால் நீலத்தின் பெட்டிகள் மட்டும் குண்டாக இருக்கு. அது கடைசியில் வரும் ரகம். 2023-ல் அதற்குள் காலேஜ் திறந்துட்டதால் எடை போடலை. அதனாலா?

பதில் 1:
அதேதான். மூணு பேர் சீட்டில் ரெண்டு பேர் தாராளமா உட்கார்ந்திருக்காங்க. பொசிஷனுக்கு டாட்ஜ்2 (பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைப்பது) கொடுத்து, அதில் ப்ரிசர்வ் என்பதை 'சிங்கிள்' ஆக்குங்க, எல்லாப் பெட்டியும் ஒரே அகலத்தில் நிற்கும்.

பதில் 2:
இன்னொன்று. 5 காய்க்கும் 50 காய்க்கும் பெட்டி ஒரே மாதிரிதான் தெரியும், ஏமாந்துடாதீங்க. மேலே ஜிட்டர்டாட்ஜ் வைத்து ஒவ்வொரு காயையும் புள்ளியாகத் தூவுங்க. அப்போது பாக்ஸ்பிளாட் தானே வைக்கும் அவுட்லையர் (கூட்டத்திலிருந்து விலகிய) புள்ளிகள் மறைய, அவுட்லையர் ஷேப்பை என்ஏ ஆக்கணும். இல்லைன்னா ஒரே காய் ரெண்டு புள்ளியாக நிற்கும். அப்புறம், நடுக்கோடு சராசரி இல்லை, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எடை).

கேட்டவர்:
சரிங்க சார். பெங்களூரா 2024-ல் தரையை ஒட்டி ஒரு புள்ளி, 45 கிராம். அவுட்லையர்தானே, நீக்கிடட்டுமா?

பதில் 2:
வேண்டாம். பெட்டியின் விளிம்பிலிருந்து அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாண்டினால் தனிப்புள்ளி ஆகும், அவ்வளவுதான். தப்பு என்று அர்த்தமில்லை. முதல்ல நோட்டைப் பாருங்க.

கேட்டவர்:
பார்த்தேன், 450. டைப் அடிக்கும்போது ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு. அம்மா திரையை எட்டிப் பார்த்து, "45 கிராமா? மாவடுவையாடா எடை போட்டே?"ன்னு கேட்டாங்க.